பச்சைப் பிசுக்கு ஏறிய சதக்காசுகள்

மதியத்துக்கு ரசம் வைக்கலாம் என்று அடுப்படிக்குப் போனபோது கிண்ணத்தில் புளி ஊறிக்கொண்டிருந்தது. காலையில் நான்தான் போட்டுவிட்டு மறந்திருப்பேன் என்று நினைத்து, கையை விட்டுக் கரைத்தேன். விரல்களுக்கு நடுவே கொட்டை மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. ஆனால் கொட்டைக்கு இவ்வளவு கனம் இருக்காது. எடுத்துக் குழாயில் காட்டினேன். செப்புக்காசு. ஒரு பக்கம் உயரமான மரம், மறுபக்கம் கிரீடம் வைத்த தலை. என் கணவர் உயிரைப் போலப் பாதுகாத்துவந்த பழைய இலங்கைச் சதம் அது. காய்ந்த புகையிலை நிறத்தில் இருந்த காசு, முழங்கால் தோல் வழன்ற இடம் மாதிரி இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. மறுபடி துழாவினேன். அடியில் இன்னும் சில கிடந்தன.

முதலில் எனக்குப் பதறியது ரசத்தை நினைத்துத்தான். மலைமேல் அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டின் பக்கவாட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டுவந்தோம். அன்று ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம், குழந்தைகளோடு வந்து தங்கியிருந்தது. கையில் காசு தட்டாமல் போயிருந்தால் அந்தத் தண்ணீரை அப்படியே பருப்பில் ஊற்றியிருப்பேன். கிண்ணத்தோடு கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தேன்.

அவர் கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது? காசக் கொண்டுபோய்ப் புளித்தண்ணியில போட்டு வச்சிருக்கீங்க?"

உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"யாரு போட்டது? புளியில போட்டா காசு செத்துப்போகும்னு உனக்குத் தெரியாதா?"

"நான் போடலைங்க."

"பின்ன? இந்த வீட்டுல வேற யாரு இருக்கா? அழுக்கா கெடக்கு, கழுவுங்க, கழுவுங்கன்னு நீதான் சொல்லிக்கிட்டே இருப்ப."

நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் அவர் காசுகளில் ஒன்றைத் துணியால் துடைக்கப் போய், வீடே அதிரும்படி அவர் கத்தியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதை மறந்துபோனவர் அவர்தான் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. அடுப்படிக்குப் போய்ப் புதுப் புளியை ஊறப்போட்டேன்.

அவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்தவர். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீட்டில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில், இருந்தவர்கள். அவர் சின்னப் பையனாக இருக்கும்போது குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்து, கிளாவரைப் பக்கம் பூண்டுக் காட்டிலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் கூலி வேலை பார்த்தார்கள். அவர் விடுதியில் தங்கிப் படித்து வாத்தியாரானார். நான் இதே மலையில் அடுக்கத்தில் பிறந்தவள். எனக்கு வாழ்க்கைப்பட்ட வீட்டில் நகையோ பாத்திரமோ பெரிதாக இல்லை. இருந்தது ஒரு துணிப்பை நிறையப் பழைய சல்லிக்காசு. அம்மா முந்தானையில் முடிந்து கப்பலில் கொண்டுவந்தது என்று சொல்லுவார். அதற்குமேல் எதுவும் சொன்னதில்லை.

அதோடு ஆங்காங்கே கிடைத்த அணா, சக்கரம் என்று சேர்த்துச் சேர்த்து ஆல்பம் ஆல்பமாக வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். காசின் முகத்தில் விரல் படக் கூடாது, ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை எதுவும் கிட்டே வரக் கூடாது. "பளபளன்னு இருக்குன்னு ஆசப்பட்டுத் தேய்க்கிறது அழுக்க இல்ல, காசோட தோல. தோல உரிச்சா மறுபடி முளைக்காது" என்பார். பள்ளிக்கூடத்தில் யாராவது பையன் தாத்தா காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து காட்டினால், பாராட்டுவதற்குப் பதில் அரை மணி நேரம் வருத்தப்படுவார். அந்த மனிதர்தான் அம்மா கொண்டுவந்த சதத்தைப் புளியில் போட்டிருந்தார்.

அன்று அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கின நேரத்தில் ஆல்பங்களை எடுத்துப் பார்த்தேன். திறந்ததுமே ஒரு நெடி, மழைக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பை மடித்து வைத்து நாள் கழித்துப் பிரித்தால் வருமே, அது மாதிரி. காசு வைக்கிற பைகள் வியர்த்துப்போய் இருந்தன. உள்ளே காசுகளின் மேல் பச்சையாக, பிசுபிசுவென்று ஒரு படலம். ஓரங்களில் கெட்டித்துப்போய், நடுவில் எண்ணெய் மாதிரி. விரலை வைத்தால் ஒட்டியது. எங்கள் ஊரின் ஈரத்தில் செருப்பும் புத்தகமும்கூடப் பூத்துப்போகும். அந்த மட்டமான பிளாஸ்டிக் அத்தனை வருஷமாக ஈரத்தில் இளகி, காசை அரித்துக்கொண்டிருந்தது.

அவர் இதைப் பார்த்திருக்கிறார். பார்த்துப் பயந்திருக்கிறார். எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. எதைச் செய்ய வேண்டும் என்கிற இடத்தில்தான் தலைக்குள் ஏதோ அறுந்துபோயிருந்தது. கடைசி ஆல்பத்தில் சில வெள்ளிக்காசுகள் பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்க்கப்பட்டு, கோடுகோடாக, நேற்று அடித்தவை மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன. ராஜாவின் தாடியெல்லாம் வழுவழுவென்று போயிருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். காசுக்காக அழுகிறேனா என்று கேட்டுப் பார்த்துக்கொண்டேன். இல்லை என்றுதான் பட்டது.

மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போனில் சொன்னேன்.

"அம்மா, கொஞ்ச நாளாவே அப்பா சொன்னதயே திரும்பச் சொல்றாரு. வயசுன்னு நான் நினச்சேன். டாக்டர்ட்ட காமிச்சிருவோம். அதுவரைக்கும் அந்த ஆல்பத்த எல்லாம் பீரோல வச்சுப் பூட்டுங்க."

பூட்டினேன். சாவியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

மதுரையில் டாக்டரிடம் காட்டினோம். மகள் நேரே அங்கே வந்திருந்தாள். டாக்டர் இன்று என்ன கிழமை என்று கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே, "லீவு நாள்" என்றார். கடிகாரம் வரையச் சொன்னதற்கு வட்டம் போட்டு எல்லா எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதினார். அடுத்து, தனிம வரிசையைச் சொல்லுங்கள் என்று டாக்டர் விளையாட்டாகக் கேட்டதும் ஹைட்ரஜனில் ஆரம்பித்து நிற்காமல் சொல்லிக்கொண்டே போனார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறதி நோய், வேகத்தைக் குறைக்க மாத்திரை தரலாம், போனதைத் திருப்ப முடியாது என்று டாக்டர் சொன்னார். திரும்பி மலை ஏறும்போது அவர் ஒவ்வொரு வளைவிலும், "நாம எங்க போயிட்டு வர்றோம்?" என்று கேட்டார். மதுரைக்கு என்றேன். "என்ன சோலியா?" என்றார். துணி எடுக்க என்று சொன்னேன். அடுத்த வளைவில் துணி எங்கே என்று கேட்டார்.

பூட்டி வைத்தது வேறு வினையைக் கொண்டுவந்தது. காசு எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மறந்துவிட்டது. காசு இருந்தது என்பது மட்டும் மறக்கவில்லை. வீடு முழுக்கத் தேடினார். அரிசி டப்பாவுக்குள் தேடினார். நான் பீரோவைத் திறந்து காட்டினால் ஒரு மணி நேரம் அமைதி. அதன் பிறகு திரும்பவும் தேடல்.

ஒருநாள் காலை, சேலத்திலிருந்து வந்து தங்கியிருந்த புதுசாகக் கல்யாணமான ஜோடி முற்றத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினோம். அவர் அவர்களுடைய பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்து, அந்தப் பெண்ணின் துணிகளை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மாவோட சல்லிய எடுத்துட்டாங்க. இவங்கதான் எடுத்துட்டாங்க."

சல்லி. அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. துணிப்பையைப் பற்றி நான் சல்லிக்காசு என்று சொன்னால்கூட, நாணயம் என்று திருத்துவார். அந்தப் பையன் கோபத்தில் அவர் தோளைப் பிடித்தான். பிடித்தவுடனே அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டான். நான் கும்பிட்டேன். "அவருக்கு உடம்பு சரியில்ல தம்பி, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

"பரவாயில்ல ஆன்ட்டி" என்று அந்தப் பெண் சொன்னாள். சொல்லிக்கொண்டே தரையில் கிடந்த உள்ளாடைகளை அவசரமாகப் பொறுக்கினாள். அந்தப் பரவாயில்லையை என்னால் தாங்க முடியவில்லை. அன்று மதியமே அவர்கள் கிளம்பிப் போனார்கள். நான் வாசலில் தொங்கிய 'அறைகள் கிடைக்கும்' பலகையைக் கழற்றி உள்ளே வைத்தேன். அதற்குப் பிறகு மாட்டவில்லை.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். அவர் வந்து இவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் நான் பஜாருக்குப் போய்வர முடிந்தது. ஒருநாள் பீரோவைத் திறந்தபோது பச்சை இன்னும் பரவியிருப்பது தெரிந்தது. மகளிடம் சொன்னதற்கு, "அத விட்டுருங்கம்மா, உங்க உடம்பப் பாருங்க" என்றாள். என்னால் விட முடியவில்லை. இவருக்குள் அரித்துக்கொண்டிருப்பதை நான் நிறுத்த முடியாது. காசில் அரிப்பதையாவது நிறுத்தலாம் என்று தோன்றியது. எப்படி நிறுத்துவது என்றும் எனக்கு ஓரளவு தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நண்பரின் காசில் இதே பிசுக்கு ஏறியபோது, இவர் எங்கள் கார் ஷெட்டில் வைத்து அசிட்டோனில் ஊறப்போட்டு எடுத்தார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, கண்ணாடிக் கிண்ணத்தை ஆட்டிக் காட்டி விளக்கினார். தன் ஆல்பத்துப் பைகளையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார், மாற்றவில்லை. நான் அப்போது பாதிதான் காதில் வாங்கினேன்.

பஜாரில் பெயின்ட் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். அவருடைய பிள்ளைகள் இவரிடம் படித்தவர்கள்.

"வாங்கக்கா. சார் எப்படி இருக்காரு?"

"இருக்காரு பாய். அசிட்டோன் வேணும். சுத்தமானது."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "காசுக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

"தின்னர்னு கேட்டு வாங்கிராதீங்க, அதுல பலதும் கலந்திருக்கும். நகப்பூச்சு அழிக்கிறதும் ஆகாது, எண்ணெயும் வாசனையும் போட்டிருப்பான். சார் இங்க நின்னு எனக்கே பாடம் எடுத்திருக்காரு. இந்தக் குளிருக்கு ஹீட்டர் போட்டிருப்பீங்க, அடுப்பு எரியும், அதுக்குப் பக்கத்துல மூடியத் தொறந்துறாதீங்க. பக்குனு பிடிச்சுக்கும்." பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "சார்ட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். சொன்னால் யார் என்று கேட்பாரே என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

நாள்கணக்கில் மஞ்சு மூடிக் கிடந்துவிட்டு ஒருநாள் வெயில் அடித்தது. ஷெட்டின் கதவை விரியத் திறந்து, நிழலில் மேசை போட்டேன். கையுறை, முகத்துக்கு மாஸ்க். கண்ணாடிக் கிண்ணங்கள் இரண்டு. பிளாஸ்டிக்காக இருந்தால் அதுவே கரைந்து காசில் ஒட்டிக்கொள்ளும். முதலில் ஒன்றுக்கும் ஆகாத பழைய பத்துப் பைசாக்களை வைத்துப் பழகிப் பார்த்தேன். பிறகுதான் இலங்கைக் காசை எடுத்தேன். ஓரத்தைப் பிடித்து, பையிலிருந்து உருவி, அசிட்டோனுக்குள் இறக்கினேன். தேய்க்கவில்லை. கிண்ணத்தை லேசாகச் சுழற்றிவிட்டு மூடி வைத்துக் காத்திருந்தேன். பச்சை, நூல் நூலாகப் பிரிந்து அடியில் இறங்கியது. கொஞ்சம் கழித்து எடுத்து, இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனில் அலசி, பழைய பருத்தித் துண்டில் வைத்தேன். துடைக்க வேண்டியதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. காசு தன் பழைய பழுப்போடு அப்படியே இருந்தது. பச்சை மட்டும் இல்லை. நிறைய நாளுக்குப் பிறகு எனக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. தொடர்ந்து செய்தேன்.

அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸம்மா வெரசாகப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று தன் வீட்டுக்குப் போனது எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது என் கணவர் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை எல்லாம் கழுத்துவரை போட்டிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தியிருந்தார்.

"ஐயா" என்றார்.

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஐயா, எங்க பொட்டி எல்லாம் பார்த்தாச்சுங்களா?"

மேசை, அதில் பரப்பி வைத்த காசுகள், கையுறை, முகத்தை மூடிய நான். இலங்கைக் கரையில், தலைமன்னாரில் கப்பலேறும் முன் சாமான்களைச் சோதித்த அதிகாரியாக அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. நான் வாயைத் திறப்பதற்குள், கிட்டே வந்து துண்டில் காய்ந்துகொண்டிருந்த சின்ன வெள்ளிக்காசு ஒன்றை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டார். உதட்டை இறுக்க மூடிக்கொண்டார்.

"ஐயோ, துப்புங்க! என்னங்க இது, துப்புங்க!"

தலையை ஆட்டினார். நான் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் தாடையைப் பிடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. விழுங்கிவிடுவாரோ, தொண்டையில் மாட்டிக்கொள்ளுமோ என்று எனக்கு உயிர் போயிற்று. மாஸ்க்கை இறக்கி, "நான்தாங்க, என்னைப் பாருங்க" என்றேன். பார்த்தார். அந்தப் பார்வையில் நான் இல்லை.

என்ன தோன்றியதோ, மாஸ்க்கை மறுபடி ஏற்றிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். குரலை உயர்த்தி, "சோதனை முடிஞ்சது. நீங்க எல்லாரும் கப்பலுக்குப் போகலாம்" என்றேன்.

அவர் அசையவில்லை. என் பின்னால் யாரையோ தேடினார்.

"அம்மா முன்னாடி போயிட்டாங்க. உன்னயத்தான் கூப்புடுறாங்க. வாயில இருக்கறத என் கையில குடு, நானே அம்மாகிட்ட குடுத்துர்றேன். யாரும் பறிக்க மாட்டாங்க."

ரொம்ப நேரம் என் கையையே பார்த்தார். பிறகு குனிந்து, எச்சிலோடு காசை என் உள்ளங்கையில் விட்டார்.

"பேரு என்னன்னு கேட்டாங்கய்யா" என்றார், சின்னக் குரலில். "வாய்க்குள்ள சல்லி இருந்துச்சு. நாக்குக்கு அடியில வச்சுக்கன்னு அம்மாதான் சொன்னாங்க. அதான் பேசல. ஊமைன்னு எழுதிட்டாங்க."

அவரை அணைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். வெந்நீரில் உப்புப் போட்டு வாய் கொப்பளிக்க வைத்தேன். துப்பிவிட்டு, "எதுக்கு இது? எனக்குப் பல்வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நர்ஸம்மா ஓடிவந்து வாயைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஷெட்டுக்குப் போய்க் கிண்ணங்களை மூடி, எல்லாவற்றையும் உயரத்தில் வைத்துப் பூட்டினேன்.

மகள் லீவு போட்டு வந்தாள். அப்பாவை அவள் நடக்கக் கூட்டிப்போன நேரங்களில் மிச்சத்தை முடித்தேன். பெரும்பாலானவை தேறின. சிலவற்றில் பச்சை போன இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருந்தன; அது வரைக்கும் அரித்திருக்கிறது. புளியில் போட்டவையும் நாரால் தேய்த்தவையும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றுக்கு வழி கிடையாது. எல்லாவற்றையும் அமிலமில்லாத காகித உறைகளில் தனித்தனியாகப் போட்டோம்.

வாயில் காசு வைத்த கதையை மகளிடம் சொன்னேன். அவள் மெதுவாக அப்பாவிடம் கேட்டாள். அன்று அவர் தெளிவாக இருந்த நாள். "வாயிலயா? எவன் சொன்னான்? எங்க அம்மா முந்தானையில முடிஞ்சுல்ல கொண்டுவந்தாங்க" என்று வகுப்பில் பேசுகிற மாதிரி சொன்னார். எனக்குக் குழப்பமாகிவிட்டது. நோய் கட்டிவிட்ட கதையா, அவர் எனக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்த கதையா? கேட்கிறதற்கு ஒரே ஆள்தான் உண்டு. அவருடைய அக்கா. கிளாவரையில் இருக்கிறார்.

மகள் அப்பாவைப் பார்த்துக்கொள்ள, வெள்ளனே பஸ் ஏறினேன். அந்தச் சின்ன வெள்ளிக்காசையும் உறையோடு எடுத்துக்கொண்டேன். பூம்பாறை தாண்டி மஞ்சுக்குள் ஊர்ந்து ஊர்ந்து பஸ் போய்ச் சேர்ந்தபோது, மதினி வாசலில் பூண்டு தாள் அறுத்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு முடியவில்லை என்பது தெரியும். இவ்வளவு என்று தெரியாது. நான் நடந்ததைச் சொன்னேன். ஊமை என்று எழுதிவிட்டார்கள் என்று சொன்ன இடத்தில் அரிவாளைக் கீழே வைத்தார்.

"அவனா சொன்னான்?"

"ஆமா மதினி. நெசந்தானா?"

"நெசந்தான். ஆனா அது அவன் இல்ல, தாயி. நான்."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"என் வாயிலதான் அம்மா வச்சாங்க. இருந்தது தோட்டத்துக் கூலியில ஒதுக்கி ஒதுக்கி வச்ச பழைய வெள்ளி. எல்லாத்தயும் பறிச்சுருவாங்கன்னு லயத்துல பேசிக்கிட்டாங்க. செம்ப முந்தானையில முடிஞ்சாங்க, வெள்ளிய என் நாக்குக்கு அடியில போட்டாங்க. தம்பி என் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னான். சின்னப் பய. ஆபீசரு என்னயப் பேரு கேட்டாரு. நான் முழிச்சேன். இவன் என் கைய நகம் பதியற மாதிரி பிடிச்சிருந்தான். 'அக்கா பேசாது'ன்னு அவன்தான் சொன்னான். பேரு எழுதற எடத்துல ஊமைன்னு எழுதிக்கிட்டாங்க. மண்டபத்துல பேர மாத்தி எழுத எங்கப்பா எத்தன நாள் நடந்தாரு தெரியுமா?"

"அவரு என்கிட்ட ஒருநாளும் சொல்லல மதினி."

"என்கிட்டயும் அதப் பத்திப் பேசுனதில்ல. நானும் பேசுனதில்ல." ஒரு பூண்டை எடுத்துத் தாளைக் கையாலேயே கிள்ளினார். "பயந்தது அவன்தான். அன்னிக்கு எனக்கு வாய் நெறைய எச்சிலுதான் இருந்துச்சு, பயப்படக்கூட நேரமில்ல."

உறையிலிருந்து காசை எடுத்து நீட்டினேன். மதினிக்குச் சேர வேண்டியது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அவர் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"நல்லாத் தொடச்சு வச்சிருக்க. எடுத்துக்கிட்டுப் போயிரு. அதோட ருசி இன்னும் நாக்குலயே கெடக்கு."

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாகச் சோறு போட்டார். கிளம்பும்போது ஒரு பை நிறையப் பூண்டு கட்டிக்கொடுத்தார். அடுத்த வாரம் தம்பியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். வந்தார். இவருக்கு அக்காவை அடையாளம் தெரிந்தது. பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, ஆனால் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இரண்டு பேரும் மதியம் முழுக்க டிவியில் கிரிக்கெட் பார்த்தார்கள். மதினிக்கு கிரிக்கெட் தெரியாது.

காசுகளை மகள் திருப்பூருக்கு எடுத்துப் போய்விட்டாள். அங்கே ஈரம் இல்லை, காகித உறையில் கெடாமல் இருக்கும். அவர் இப்போது காசைத் தேடுவதில்லை. சில நாள் தேடினார், பிறகு அதுவும் நின்றுபோனது. தேடாமல் இருப்பதைப் பார்க்கும்போது, தேடின நாள்களே தேவலாம் என்று எனக்குப் படுகிறது. காலையில் மாத்திரை கொடுக்கப் போனால், சில நாள், அன்று ஷெட் வாசலில் நின்ற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக எழுந்து நிற்கிறார். உட்காருங்கள் என்கிறேன். உட்காருகிறார்.